பொருட்காட்சி ரேட்

1. நாற்காலி

“ஞாயித்துக்கெழம காலைல ஏழாம் நம்பர் காலியா இருக்கணும் முசியே. இல்லன்னா உன் நாற்காலி காலியா இருக்கும்.”

என் முதலாளி ஆதிமூலம் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, மழை வரும்போல இருக்கிறது என்கிற மாதிரி சொன்னார். அவர் கத்தினால் சாப்பாட்டு வேளைக்குள் மறந்துவிடுவார். அமைதியாகச் சொன்ன எதையும் அவர் மறந்ததில்லை. அன்று வியாழக்கிழமை.

ஓட்டல் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம், “சார், சீசன் டேரிஃப் எப்டி ஃபிக்ஸ் பண்றது?” என்று கேட்பதுண்டு. ஏதோ சூத்திரம் சொல்லப்போகிறேன் என்று காகிதமும் எடுத்துக்கொள்வார்கள். எனக்குத் தெரிந்த சூத்திரம் அந்த வாரத்தில் கற்றதுதான். அதைச் சொல்வதற்கு முன்னால் நான் எப்படி அந்த நாற்காலிக்கு வந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். பெருமையான கதை இல்லை, அதனால் சீக்கிரம் முடிந்துவிடும்.

நான் பல வருஷம் பிரெஞ்சு படித்தேன். புதுச்சேரியில் துரைமார் ஆபீஸ் ஒன்றில் எழுத்தராக உட்கார்ந்து, பத்து மணிக்கு வந்து, பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்குப் போய்த் தூங்கி, மூன்று மணிக்குத் திரும்ப வருவது என் லட்சியம். படித்து முடித்துச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பியபோது துரைமார்கள் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். கொடி மாறியதில் ஊரே சந்தோஷப்பட்டது. நானும் சந்தோஷப்பட்டேன், கொஞ்சம் யோசனையோடு.

மிச்சம் இருந்தது பெரிய மார்க்கெட்டில் என் அண்ணன் வைத்திருந்த மளிகைக் கடை. அங்கே புளி மூட்டைக்குப் பக்கத்தில் எனக்கென்று ஒரு முக்காலியைப் போட்டு வைத்திருந்தார் அண்ணன். அதில் யாரையும் உட்கார விடமாட்டார். “அவன் வருவான்” என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். அந்த முக்காலியில் போய் உட்காராமல் இருப்பதற்காகவே நான் வேலை தேடினேன் என்றால் மிகையில்லை. ஒரு மருந்துக் கடையில் இருந்து பார்த்தேன். பத்திரம் எழுதும் ஒரு நொத்தேரிடம் இருந்து பார்த்தேன். இரண்டு பேருமே என்னை நல்ல பையன் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். மூன்றாவதாகத்தான் ஆதிமூலத்தின் லாட்ஜுக்குப் போனேன்.

முதல் நாள் அவர் கேட்ட கேள்விகள் மூன்று. பிரெஞ்சு தெரியுமா என்றார். தெரியும் என்றேன். கணக்கு தெரியுமா என்றார். கொஞ்சம் என்றேன். ரூம் இருக்கும்போது இல்லன்னும், இல்லாதப்ப இருக்குன்னும் சொல்ல வருமா என்றார். பழகிக்கொள்கிறேன் என்றேன். உட்காரச் சொன்னார். அன்று முதல் நான் அவருக்கு ‘முசியே’, பிரெஞ்சில் ‘ஐயா’. மரியாதைக்கு அல்ல என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

இது நடந்தது ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு வாக்கில்.

2. ஆணியும் சாவியும்

ஆதிமூலம் வில்லியனூர்ப் பக்கத்துக்காரர். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, வியாபாரத்தில் சம்பாதித்து, ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தின் மாடி வீட்டை ரயிலடிக்குப் பக்கத்தில் வாங்கி, பலகைத் தடுப்புப் போட்டுப் பன்னிரண்டு அறையாக்கினார். வீட்டை வாங்கினாரே தவிரப் பூட்டுகளை மாற்றவில்லை. ஒவ்வொரு கதவுக்கும் பழைய இரும்புச் சாவி. அதை ஜிப்பாப் பையில் போட்டால் ஜிப்பா ஒரு பக்கமாக இறங்கும்.

வெளியே போகிறவர்கள் சாவியை என்னிடம் கொடுப்பார்கள், நான் இழுப்பறையில் வைப்பேன். அறையைக் காலி செய்தால்தான் சாவி எனக்குப் பின்னால் இருந்த ஆணிப் பலகைக்குப் போகும். இந்த வித்தியாசம் முக்கியம். ஏனென்றால் எங்கள் லாட்ஜுக்கு ஒரே ஒரு சட்டம்தான். சாவி ஆணியைவிட்டு இறங்கும்போது பேசிய வாடகை, அது மறுபடி ஆணிக்கு ஏறும்வரை மாறாது.

இது முதலாளி மல்லாட்டைத் தரகர்களுக்காகக் கொண்டுவந்த ஏற்பாடு. அவர்கள் வாரக்கணக்கில் தங்குவார்கள். சரக்கு விலை தினமும் ஏறி இறங்குகிற தொழிலில் இருப்பவர்களுக்குப் படுக்கிற இடத்தின் விலையாவது நிலையாக இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். யார் படுத்தார்கள் என்று கேட்கும் வழக்கமும் கிடையாது. தரகர் ஊருக்குப் போனால் அவர் மச்சான் வந்து படுப்பார். காலையில் வாடகை மேஜைக்கு வந்துவிட வேண்டும், அவ்வளவுதான். காரைக்காலிலிருந்து ஒருவர் வழக்கு விஷயமாக வந்து, தீர்ப்பு வரும்வரை என்று சாவி வாங்கினார். நான் அந்த லாட்ஜைவிட்டுப் போகும்போதும் அவர் இருந்தார்.

“என் லாட்ஜுல சாவி குடுத்த பின்னாடி வெல பேச மாட்டேன்” என்று முதலாளி கடைத்தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். அது உண்மையும்கூட. பின்னால் அவரைக் கட்டிப்போட்டதும் அதுதான்.

3. ராட்டினம்

பொங்கல் கழிந்து எங்கள் லாட்ஜுக்கு எதிர்த் திடலில் பொருட்காட்சி வரப்போகிறது என்று தகரக் கொட்டகை போட ஆரம்பித்தார்கள். புதுச்சேரிக்கு அப்படிப்பட்ட ஒன்று புதிது. துணிக் கடைகள், மாயக் கண்ணாடி, மனிதன் உயரத்துக்கு ஒரு சேனைக்கிழங்கு, எல்லாவற்றுக்கும் மேலே ராட்சச ராட்டினம். ஆனால் கூட்டத்தை இழுத்தது மரணக் கிணறுதான். பலகையால் கட்டிய பெரிய பீப்பாய் மாதிரி இருக்கும். அதன் உட்சுவரில் ஒருவர் மோட்டார் சைக்கிளைப் படுக்கைவாட்டத்தில் ஓட்டுவார். ஜனங்கள் மேலே விளிம்பில் நின்று குனிந்து பார்ப்பார்கள். அவர் கையைவிட்டு ஓட்டும்போது மேலே நிற்பவர்கள் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்கள்.

ஓட்டியவர் காதர் பாய். பண்ருட்டிக்காரர். ஒல்லியான, பேசவே பேசாத மனிதர். பேசுகிற வேலை எல்லாவற்றையும் அவர் மனைவி ஜைத்தூன் அக்கா எடுத்துக்கொண்டிருந்தார். கிணற்றுக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்த நாட்களிலேயே இருவரும் எங்கள் லாட்ஜுக்கு வந்துவிட்டார்கள். அப்போது ஊரில் ஈ ஆடவில்லை. ராட்டினத்தைப் பார்த்தாற்போலப் பால்கனி உள்ள மாடி முன்னறை, ஏழாம் நம்பர், நாள் வாடகை இரண்டு ரூபாய். அக்கா சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

பொருட்காட்சி தொடங்கிய வாரத்திலேயே முதலாளிக்கு ஒரு விஷயம் விளங்கியது. மரணக் கிணற்றின் கடைசி ஆட்டம் ஆரம்பிப்பதற்குள் பாகூர் பஸ்ஸும் காலாப்பட்டு பஸ்ஸும் போய்விடும். கடைசி ஆட்டம் பார்க்காமல் திரும்பினால் ஊரில் மரியாதை இல்லை. ஆகவே குடும்பம் குடும்பமாக ஜனங்கள் எங்கள் வாசலில் வந்து நின்றார்கள்.

முதலாளி விலையை ஏற்றினார். அதற்கு அவர் வைத்திருந்த அளவு மிகவும் எளிமையானது. மாலையில் பால்கனிக்குக் கீழே வந்து நின்று பார்ப்பார். ராட்டினத்துக்கு நிற்கும் வரிசை எங்கள் வாசல் விளக்குக் கம்பத்தை எட்டிவிட்டால் உள்ளே வந்து, “முசியே, போர்ட மாத்து” என்பார். வாசலில் கரும்பலகையில் சாக்குக்கட்டியால் நான் விலை எழுதுவேன். என் பிரெஞ்சுப் படிப்பில் கடைசிவரை உபயோகப்பட்டது கையெழுத்து ஒன்றுதான். நான்கு என்று எழுதினேன். எட்டு என்று எழுதினேன். பன்னிரண்டு என்று எழுதியபோது ஒரு மாட்டு வண்டிக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு, ரூமுக்கா, கட்டிலோட சேத்து விக்கிறீங்களா என்று விசாரித்தார்.

அப்படிக் கேட்பவர்களுக்குச் சொல்லவேண்டிய பதிலையும் முதலாளி எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். மூன்று வாக்கியம். பொருட்காட்சி நேரம் சார். ராட்டினம் தெரியிற ரூம் சார். இப்ப விட்டா இன்னும் அரை மணியில இதுவும் இருக்காது சார். இதைச் சொல்லும்போது முகத்தில் வருத்தம் தெரிய வேண்டும் என்பது அவர் கண்டிப்பு. எனக்கு வருத்தம் உண்மையாகவே இருந்ததால் அந்தப் பகுதி சுலபமாக வந்தது.

4. டீக்கடை லாட்ஜ்

விலை ஏற ஏற அறைகள் நிரம்பின. பிறகு ஒரு நாள் கவனித்தேன். அறைகள் நிரம்பிக்கொண்டே இருந்தன, ஆனால் ஒரு சாவியும் ஆணிக்கு வரவில்லை.

காரணம் எங்கள் சட்டம்தான். நான்கு ரூபாய்க்குச் சாவி வாங்கியவர் மறுநாள் கிளம்பும்போது வாசல் பலகையைப் பார்க்கிறார். எட்டு என்று இருக்கிறது. கையில் இருக்கும் சாவியை அவர் எதற்கு ஆணியில் மாட்ட வேண்டும்? எதிரே டீக்கடையில் அறை கிடைக்காமல் உட்கார்ந்திருக்கும் குடும்பத்திடம் ஆறு ரூபாய்க்குக் கொடுத்துவிட்டு ஊர் போகிறார். வாங்கியவர் காலையில் நல்ல பிள்ளையாக வந்து நான்கு ரூபாயை என் மேஜையில் வைக்கிறார். யார் படுத்தார் என்று நாங்கள் கேட்பதில்லையே. இன்று போர்டில் என்ன போட்டிருக்கிறதோ அது நாளைக்கு இன்னும் ஏறும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்ததால், சாவியை விடுவது முட்டாள்தனம் என்பது பாகூர் வரைக்கும் பரவிவிட்டது. மல்லாட்டைத் தரகர்கள் இந்த வேலையில் இன்னும் கெட்டிக்காரர்கள். அவர்கள் சரக்குப் பிடித்து வைத்துப் பழகியவர்கள்.

இப்படியாக எங்கள் லாட்ஜின் உண்மையான மேஜை டீக்கடைக்கு இடம்பெயர்ந்தது. பலகையில் பன்னிரண்டு ரூபாய் என்று அழகாக எழுதியிருந்தது. அந்த விலைக்குக் கொடுக்க எங்களிடம் ஓர் அறைகூட இல்லை. பன்னிரண்டு அறைக்கும் வந்துகொண்டிருந்தது பழைய வாடகை.

இதில் முதல் இடம் ஜைத்தூன் அக்காவுக்கு. ராட்டினம் தெரியும் ஏழாம் நம்பரை அவர் தினமும் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தார். தாங்கள் இருவரும் கிணற்றுக்கு அடியில் தார்ப்பாய் விரித்துப் படுத்துக்கொண்டார்கள். பொருட்காட்சி முடிந்த பிறகுதான் காண்டிராக்டர் அவர்களுக்குச் சம்பளம் தருவார், அதுவரை வண்டிக்கு டயர் போடுவது அவர்கள் பாடு என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. பாய்க்குத் தரையில் கஷ்டமாக இருக்காதா என்று ஒரு முறை கேட்டேன்.

“செவுத்துல வண்டி ஓட்டுறவருக்குத் தரையில படுக்கவா தம்பி கஷ்டம்” என்றார் அக்கா.

முதலாளிக்கு எல்லாம் தெரியும். அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. சட்டத்தை மாற்றினால் வருஷம் முழுக்க வரும் தரகர்கள் முகத்தில் விழிக்க முடியாது. விலையைக் குறைக்க மனம் வரவில்லை. ஆகவே தினமும் சாயங்காலம் வாசலில் நின்று விளக்குக் கம்பத்தையும் டீக்கடையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நிலையில்தான் கும்பகோணத்திலிருந்து தகவல் வந்தது. அவர் மகளைப் பெண் பார்க்க, ஒரு பாத்திரக் கடைக்காரர் மகனோடும் குடும்பத்தோடும் ஞாயிறு காலை ரயிலில் வருகிறார். சம்பந்தம் நிச்சயமாகும்வரை அவர்கள் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள், தங்கவும் மாட்டார்கள். லாட்ஜில்தான் தங்க வேண்டும். ‘நம்ம லாட்ஜ் இருக்கே, பால்கனியோட முன்ரூமு, ராட்டினம் படுத்துக்கிட்டே பாக்கலாம்’ என்று முதலாளி ஒரு மாதத்துக்கு முன்பே அவர்களிடம் பெருமை பேசியிருந்தார். லாட்ஜ்காரர் சம்பந்தியை இன்னொருவர் லாட்ஜில் படுக்கவைத்தால் பெண்ணுக்கு வேறு இடம் பார்க்க வேண்டியதுதான்.

நாற்காலி விஷயம் அதனால் வந்தது. அக்காவிடம் நீங்களே ஒரு வார்த்தை சொல்லலாமே என்று கேட்டுப் பார்த்தேன்.

“என் ரூம நான் போய் கேக்கணுமா” என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது.

5. வெள்ளையடிப்பு

எனக்கு மூளை வேலை செய்யும் என்று நான் நம்பிக்கொண்டிருந்த வயது அது. வெள்ளிக்கிழமை காலை வெள்ளையடிக்கிறவர் ஒருவரைச் சுண்ணாம்பு வாளியோடு கூட்டிக்கொண்டு மாடிக்குப் போனேன். ஏழாம் நம்பருக்கு வெள்ளையடிக்க வேண்டும், மூன்று நாளைக்கு அறையை ஒழித்துக் கொடுங்கள் என்று அக்காவிடம் சொன்னேன். சாவி ஆணிக்கு வந்துவிட்டால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது திட்டம்.

அக்கா சந்தோஷமாகக் கதவைத் திறந்துவிட்டார். அறையில் அன்றைக்கு இருந்த திருக்கனூர்க் குடும்பத்தை எழுப்பி, கட்டிலை நடுவில் இழுத்துப் போட்டு, பாதி அறையில் அவர்கள் இருக்கட்டும், மறுபாதியில் அடியுங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு செய்தார். மத்தியானத்துக்குள் வேலை முடிந்துவிட்டது. பால்கனிச் சுவர் விட்டுப்போயிற்று என்று வெள்ளையடிப்பவரைத் திரும்பக் கூப்பிட்டு அதையும் அடிக்கவைத்தார். சாயங்காலம் இறங்கி வந்து எனக்கு நன்றி சொன்னார். வெள்ளையடித்த அறை என்பதால் அன்றிலிருந்து அவர் எட்டணா கூடுதலாக வாங்கினார் என்று டீக்கடையில் கேள்விப்பட்டேன்.

வெள்ளையடிப்புக் கூலியை முதலாளி என் கணக்கில் எழுதச் சொன்னார்.

சனிக்கிழமை காலை மார்க்கெட் பக்கம் போயிருந்தேன். அண்ணன் என்னைப் பார்த்ததும் முக்காலியைத் துடைத்தார். அவருக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. புதுச்சேரி சின்ன ஊர்.

அங்கிருந்து நேராகத் திடலுக்குப் போனேன். காதர் பாய் கிணற்றுக்குள் வண்டியின் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அக்கா பலகைப் படியில் உட்கார்ந்து ரொட்டியைக் காப்பியில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். தந்திரம் எதுவும் மிச்சமில்லாததால் உள்ளதைச் சொன்னேன். முதலாளி மகள், கும்பகோணம், ஞாயிற்றுக்கிழமை, என் நாற்காலி, அண்ணன் கடை முக்காலி எல்லாவற்றையும் சொன்னேன். முக்காலியைச் சொல்லும்போது பாய் முதல் முறையாகச் சிரித்ததைப் பார்த்தேன்.

“இத வெள்ளையடிக்காமயே சொல்லியிருக்கலாமே” என்றார் அக்கா. கடைசி ரொட்டித் துண்டைத் தின்று கையைத் துடைத்துக்கொண்டார். “பொம்பளப் புள்ள விசயம். சும்மா குடுக்கவும் எனக்கு மனசுதான். ஆனா சாவிய ஆணியில மாட்ட மாட்டேன். மாட்டுனா நான் திரும்ப வாங்கறப்ப பன்னண்டு ரூபா. அதனால கைக்குக் கை மாறட்டும். மத்தவங்க எங்கிட்ட எப்டி வாங்கறாங்களோ உங்க மொதலாளியும் அப்டி வந்து வாங்கிக்கட்டும்.”

என்ன விலை சொல்கிறீர்கள் என்று கேட்டேன்.

“எனக்கென்னா தெரியும். வாசல்ல நீங்க எழுதி வெச்சிருக்கீங்களே, அதுதான்” என்றார். பிறகு, “வாடக பேசறது உங்க வேல. நீங்களே பேசிக் குடுங்க. நான் பக்கத்துல நிக்கிறேன்.”

6. மேஜைக்கு அந்தப் பக்கம்

சனிக்கிழமை பிற்பகல் லாட்ஜில் கூட்டமில்லாத நேரம். நான் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு இடப்பக்கம் ஜைத்தூன் அக்கா சுவரில் சாய்ந்து நின்றார். முதலாளி வாசல் வழியாக வந்து, வழக்கம்போல மேஜையைச் சுற்றி என் பக்கம் வரப் பார்த்தார். அக்கா நின்ற இடத்தில் அவருக்கு வழியில்லை. மேஜைக்கு முன்னாலேயே நின்றுவிட்டார். அந்தப் பக்கம் அவர் நின்று நான் பார்த்ததே இல்லை.

நான் விஷயத்தைச் சொன்னேன். ஏழாம் நம்பர் கிடைக்கும், ஆனால் வாடகைக்குத்தான் கிடைக்கும், அக்கா சார்பில் நான்தான் பேசுகிறேன். அவர் என்னையும் அக்காவையும் பார்த்தார். சுவரில் இருந்த காலியான ஆணிகளைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஒரு ராத்திரிதான் இருந்தது.

“சரி, எவ்ளோ” என்றார்.

“பன்னண்டு ரூபா சார்.”

முதலாளியை நான் ‘சார்’ என்றது அதுதான் முதல் தடவை. வேண்டுமென்று சொல்லவில்லை. அந்த மேஜைக்கு முன்னால் நின்று விலை கேட்டவர்கள் எல்லோருக்கும் அப்படியே சொல்லிச் சொல்லி வாய் பழகிவிட்டது.

“ஒரு ராத்திரிக்கு பன்னண்டா. என்னா அநியாயமா இருக்கு.”

“பொருட்காட்சி நேரம் சார்.”

“அதுக்காக.”

“ராட்டினம் தெரியிற ரூம் சார்.”

மூன்றாவது வாக்கியம் என்ன என்பது முதலாளிக்குத் தெரியும். அதை நான் சொல்லப்போகிறேனா என்று பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கும் வேறு வழி தெரியவில்லை. இப்ப விட்டா இன்னும் அரை மணியில இதுவும் இருக்காது சார் என்று, வருத்தமான முகத்தோடு, சொல்லி முடித்தேன்.

அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

“தெரிஞ்சவங்களுக்குன்னு ஒரு ரேட்டு உண்டுல்ல” என்றார் முதலாளி. குரல் இறங்கிவிட்டிருந்தது.

“தெரிஞ்சவங்க தெரியாதவங்கன்னு பாக்கக் கூடாதுன்னு மொதலாளி சொல்லியிருக்காரு.”

அவர் வாசலுக்குப் போனார். படியிறங்கித் தெருவில் நின்றுகொண்டு கரும்பலகையைப் பார்த்தார். அந்தப் பலகையை எழுதச் சொன்னவர் அவர், எழுதியவன் நான். தெருவில் நின்று, சம்பந்தி வரப்போகிறார் என்ற கவலையோடு அவர் அதைப் படித்தது அன்றுதான். நீண்ட நேரம் பார்த்தார். நான் நாற்காலியின் கையைத் தடவிக்கொண்டிருந்தேன். நல்ல நாற்காலி, தேக்கு.

திரும்ப வந்தவர் இந்த முறை தானாகவே மேஜைக்கு முன்னால் நின்றார்.

“அஞ்சு ரூபா குடுக்கலாம்” என்றார். “ராட்டினம் தெரியுது, நாள் விசேஷம், எல்லாம் சரி. அஞ்சுக்கு மேல கேட்டா நானா இருந்தா படியெறங்கி ஸ்டேஷன்ல போய் படுத்துக்குவேன்.”

நான் அக்காவைப் பார்த்தேன்.

“பெரியவரு வாய் விட்டுக் கேக்குறாரு. அஞ்சுக்கே குடுத்துருங்க தம்பி” என்றார் அக்கா. முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியை மேஜைமேல் வைக்காமல் அவர் கையிலேயே கொடுத்தார். முதலாளி மடியிலிருந்து ஐந்து ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். பன்னிரண்டு அறைக்குச் சொந்தக்காரர் தன் அறைக்கு வாடகை கொடுத்துவிட்டு, சாவியை வாங்கி ஒரு தரம் திருப்பிப் பார்த்தார். இவ்வளவு கனமா என்று என்னைக் கேட்டார்.

கும்பகோணத்துக்காரர்கள் ஞாயிறு காலை வந்தார்கள். புது வெள்ளையடித்த அறையைப் பார்த்துப் பாத்திரக் கடைக்காரர் திருப்திப்பட்டார். எங்களுக்காகவே அடித்தீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றார் முதலாளி. அன்று மாலை மரணக் கிணற்றில் காதர் பாய் கையைவிட்டு ஓட்டியபோது மாப்பிள்ளைப் பையன் கண்ணை மூடிக்கொண்டதையும், பெண் மூடாமல் பார்த்ததையும் நானே பார்த்தேன். சம்பந்தம் நிச்சயமாயிற்று. அதற்குப் பிறகு அவர்கள் எப்போது வந்தாலும் பெண் வீட்டிலேயே தங்கினார்கள். அதில் முதலாளிக்கு வருத்தம் இருந்ததா இல்லையா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

திங்கள்கிழமை காலை அவர் சாவியை அக்காவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தார்.

“முசியே, போர்ட அழி. அஞ்சுன்னு எழுது.”

விளக்குக் கம்பம் வரை வரிசை வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன்.

“கம்பத்த தாண்டிப் போய் கடல்ல வுழுந்தாலும் அஞ்சுதான். பொருட்காட்சி முடியிற வரைக்கும்னு சேத்து எழுது” என்றார்.

எழுதினேன். இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு தரகர் வந்து சாவியைக் கொடுத்தார். இழுப்பறையில் வைக்கப் போனேன், ஆணியில் மாட்டச் சொன்னார். இனி ஏறப்போவதில்லை என்று தெரிந்த சரக்கைப் பிடித்து வைத்து என்ன பிரயோசனம் என்றார். பிறகு ஒவ்வொன்றாக வந்தன. வாரக் கடைசிக்குள் டீக்கடைக்காரர் பழையபடி டீ மட்டும் விற்றார். ஐந்து ரூபாய்க்கு அறை எடுத்தவர்கள் அந்த விலைக்கு முணுமுணுத்தார்கள், ஆனால் படுத்தார்கள். பன்னிரண்டு என்று எழுதியிருந்த நாட்களைவிட மொத்த வசூல் அதிகம்.

ஜைத்தூன் அக்கா கடைசிவரை சாவியை விடவில்லை. பொருட்காட்சி பிரிந்த அன்று, காண்டிராக்டரிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு வந்து, கடைசி நாள் வாடகை இரண்டு ரூபாயையும் கொடுத்து, அவரே மேஜையைச் சுற்றி வந்து ஆணியில் மாட்டினார். அடுத்தது விழுப்புரம் என்றார். அங்கே லாட்ஜுக்காரர்களுக்கு ராட்டினம் வருவது தெரிவதற்குள் போய்ச் சேர வேண்டுமாம்.

7. டேரிஃப்

அதற்குப் பிறகு நான் பல லாட்ஜுகளில், பிறகு ஓட்டல்களில் வேலை பார்த்துவிட்டேன். பொருட்காட்சிகள் வருஷம்தோறும் வருகின்றன. கேளிக்கை எங்கே இருக்கிறதோ அதைச் சுற்றி ஒரு மைலுக்குக் கட்டிலின் விலை ஏறுவது இயற்கை. ஏறக் கூடாது என்று சொல்ல நான் யார். எவ்வளவு ஏற்றுவது என்பதுதான் கேள்வி.

சூத்திரம் கேட்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். விலையைத் தீர்மானித்துவிட்டீர்களா, சரி. போர்டில் எழுதுவதற்கு முன்னால் எழுந்து மேஜைக்கு அந்தப் பக்கம் போங்கள். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் மனைவி மக்கள் நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, எவ்ளோ சார் என்று வாய் விட்டுக் கேளுங்கள். உங்கள் ஆளையே பதில் சொல்லச் சொல்லுங்கள். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு மனசுக்குள் கேட்டால் வராது. நான் முயற்சி செய்து பார்த்திருக்கிறேன்.

எனக்கு வாய்த்த முதலாளிகளில் இரண்டு பேர் சிரித்துக்கொண்டே எழுந்து அந்தப் பக்கம் போனார்கள். போனவர்கள் திரும்பி வந்து, எழுந்தபோது நினைத்திருந்ததைவிடக் குறைவான விலையைத்தான் எழுதச் சொன்னார்கள். மூன்றாமவர், என் ஓட்டலில் நான் எதற்கு நிற்க வேண்டும் என்று கேட்டார். நான் வற்புறுத்தவில்லை. அந்த ஓட்டல் இப்போது கல்யாண மண்டபமாக இருக்கிறது. வாடகை நியாயம் என்கிறார்கள்.